மூச்சை எண்ணிப் பாருங்கள்

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து வரிசையாகப் புரட்டினால் ஒரு விஷயம் கண்ணில் படும். நாடித்துடிப்பு ஆளுக்கு ஆள் மாறியிருக்கும்: 84, 112, 96, 130. ரத்த அழுத்தமும் மாறும், உடல் வெப்பமும் மாறும். மூச்சு எண்ணிக்கைக்கான கட்டத்தில் மட்டும் பெரும்பாலும் 20 என்றே இருக்கும். சிலவற்றில் 18. பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த இளைஞருக்கும் 20, சர்க்கரை ஏறி மயங்கிய பாட்டிக்கும் 20, பூச்சிமருந்து குடித்துவிட்டு வந்தவருக்கும் 20. இவ்வளவு வேறுபட்ட உடல்கள் ஒரே கணக்கில் மூச்சு விடுவதில்லை. அந்த எண் எண்ணி எழுதியது இல்லை, கைப்பழக்கத்தில் எழுதியது.

மருத்துவராக நான் வேலை பார்த்த எல்லா இடங்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு மருத்துவ இதழ்களும் மூச்சு எண்ணிக்கையைப் புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி (நாடி, ரத்த அழுத்தம் போல உயிர்நிலையைக் காட்டும் அளவு) என்று பல ஆண்டுகளாக எழுதி வருகின்றன. எனவே இது நம் ஊருக்கு மட்டுமான குறை இல்லை. ஆனாலும் எனக்கு இது ஆறாத விஷயம். உயிருக்கு ஆபத்தான நிலையில் வரும் நோயாளியை முதல் சில நிமிடங்களில் அடையாளம் காண்பதற்கு இதைவிட மலிவான, இதைவிட முந்திச் சொல்லும் வழி எதையும் நான் அறியேன். தேவைப்படுவது வினாடி முள் உள்ள கடிகாரமும், ஒரு நிமிடம் நின்று பார்க்கும் ஓர் ஆளும்.

ஏன் விட்டுப்போகிறது என்பதும் தெரிந்த கதைதான். விரலில் கிளிப்பை மாட்டினால் நாடியும் ஆக்ஸிஜன் அளவும் மானிட்டரில் வந்துவிடும். கையில் பட்டையைச் சுற்றி ஒரு பொத்தானை அழுத்தினால் ரத்த அழுத்தம் வந்துவிடும். மூச்சுக்கு அப்படி நம்பத்தகுந்த கருவி நம் வரவேற்பு மேசையில் இல்லை. ஒரு முழு நிமிடம் ஒருவர் நின்றாக வேண்டும். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, இரண்டு ஆம்புலன்ஸ்கள் அடுத்தடுத்து வந்து நிற்கும்போது, ஒரே ஸ்டாஃப் நர்ஸ் ஊசி போட்டுக்கொண்டும் பதிவேட்டில் எழுதிக்கொண்டும் உறவினர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டும் இருக்கும்போது, அந்த ஒரு நிமிடம்தான் முதலில் பறிபோகிறது. செவிலியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த நிமிடத்தை அவர்களுக்குக் கொடுக்காத நிர்வாகங்களைத்தான் சொல்ல வேண்டும்.

சத்தம் போடுகிறவரிடம்தான் எல்லோரும் முதலில் ஓடுகிறார்கள். அது மனித இயல்பு. மருத்துவமாகப் பார்த்தால், உரக்கக் கத்தக்கூடியவருக்கு மூச்சுக்குழல் திறந்திருக்கிறது, கத்துவதற்கு வேண்டிய காற்று உள்ளே போய் வருகிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. அவர் வலியால் துடிக்கிறார், வலிக்கு உடனே மருந்து கொடுக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அவரைச் சுற்றி ஆறு பேர் நிற்கும்போது, சுவரோரம் நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி, கேட்ட கேள்விக்கு இரண்டு சொல் சொல்லிவிட்டு மூச்சு வாங்கி அடுத்த இரண்டு சொல் சொல்கிறவரிடம் ஒருவராவது போயாக வேண்டும்.

உடம்பு எப்படி ஏமாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மாதக் கடைசியில் கடன் வாங்கிக் குடும்பத்தை ஓட்டும் வீட்டைப் போன்றது அது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், ஒரு குறையும் தெரியாது. ரத்த அழுத்தம் அப்படித்தான் காக்கப்படுகிறது. ஏறத்தாழ ஐந்து லிட்டர் ரத்தம் உள்ள ஒரு பெரியவர், வயிற்றுக்குள்ளோ இடுப்பெலும்பைச் சுற்றியோ ஒன்றரை லிட்டர் வரை இழந்த பிறகும் அவருடைய ரத்த அழுத்தம் 110, 120 என்று நிற்கக்கூடும். தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை வேகமாக அடிக்கவைத்து, உடம்பு அந்த எண்ணைத் தாங்கிப் பிடிக்கிறது. பிடி விட்டுப்போகும்போது ஒரேயடியாக விழும். ரத்த அழுத்தம் குறையட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பவர், கடைசி மணி அடிக்கும் வரை காத்திருக்கிறார் என்றுதான் பொருள்.

மூச்சு அந்தக் கணக்கில் முன்னதாகவே மாறிவிடுகிறது. திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது அமிலம் சேர்கிறது, அந்த அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்ற மூளை மூச்சின் வேகத்தைக் கூட்டுகிறது. நுரையீரலில் சளிக்காய்ச்சல், நுரையீரல் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி, ரத்தத்தில் கிருமி, சர்க்கரை நோயில் சேரும் கீட்டோன் அமிலம், சிறுநீரகச் செயலிழப்பு, உள்ளே ஒளிந்திருக்கும் ரத்தக்கசிவு என்று எங்கே தொடங்கினாலும் பாதிப்பு மூச்சில் வந்து தெரிகிறது. என்ன நோய் என்று மூச்சு சொல்லாது. இவரை நாற்காலியில் உட்காரவைக்காதே என்று சொல்லும். முதல் பத்து நிமிடத்துக்கு அது போதும்.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் வெளியிட்டு 2017-ல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை, ஒவ்வோர் உயிர்க்குறியும் இயல்பிலிருந்து விலக விலகக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கிறது. அதில், பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரையான மூச்சுக்கு மதிப்பெண் இல்லை. 21 முதல் 24 வரை இருந்தால் 2. 25-ஐத் தொட்டால் 3, அதாவது ஒரு குறிக்குக் கொடுக்கப்படும் உச்ச மதிப்பெண். மேல் ரத்த அழுத்தம் 90-க்கு வந்தால் கிடைப்பதும் அதே 3 தான். அந்த அட்டவணையின்படி, நிமிடத்துக்கு 26 முறை மூச்சு விட்டுக்கொண்டு நிதானமாகப் பேசும் ஒருவரும், ரத்த அழுத்தம் 88-க்கு இறங்கியவரும் ஒரே அளவு கவலைக்குரியவர்கள். நம் பிரிவுகளில் இரண்டாமவருக்கு எல்லோரும் ஓடி வருவார்கள். முதலாமவருக்கு 20 என்று எழுதப்பட்டிருக்கும்.

இந்த எண்ணும் வேலை மேல்நாட்டிலிருந்து இறங்கி வந்த புதுமை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நம் ஊருக்கு இதில் பெருமைப்படத்தக்க பங்கு உண்டு. 1980-களின் தொடக்கத்தில் பப்புவா நியூ கினியில் வேலை செய்த ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவர், எக்ஸ்ரேயும் ஸ்டெதாஸ்கோப்பும் இல்லாத மலைக்கிராமங்களில் எந்தக் குழந்தைக்கு நிமோனியா என்று சுகாதாரப் பணியாளர் கண்டுபிடிக்க மூச்சின் வேகம் உதவுமா என்று ஆராய்ந்தார். அதைத் தொடர்ந்து 1988-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கைக்குழந்தைக்கு நிமிடத்துக்கு 50-க்கு மேல், அதைவிடச் சற்றுப் பெரிய குழந்தைக்கு 40-க்கு மேல் மூச்சு போனால் நுரையீரல் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம் என்று அவர்கள் காட்டினார்கள். இன்று உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டில் இருப்பதும் ஏறக்குறைய இந்த எல்லைகள்தான்: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. கிராம சுகாதாரச் செவிலியர்கள் தாயின் மடியில் இருக்கும் குழந்தையின் சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ணுகிறார்கள். துணை சுகாதார நிலையத்தில் நடக்கும் அந்தச் செயல், மானிட்டர்கள் நிறைந்த நம் அவசர சிகிச்சைப் பிரிவில் நடப்பதில்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எண்ணுவது எப்படிப் பலன் தருகிறது என்பதற்கு நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

மழை விட்டிருந்த ஒரு பிற்பகலில், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மாவை மருமகள் ஷேர் ஆட்டோவில் அழைத்து வந்தார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அசதி. அவ்வளவுதான் குறை. ரத்த அழுத்தம் 110/70. நாடி 88. காய்ச்சல் இல்லை. அவசரமில்லை என்பதற்கான பச்சை அட்டை கொடுத்து உட்காரவைத்தார்கள். அன்று பணியில் இருந்த மூத்த சிஸ்டர், யாருக்கு என்ன அட்டை என்று பார்க்காமல் எல்லோருடைய மூச்சையும் எண்ணும் வழக்கம் உள்ளவர். அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நாடி பார்ப்பதுபோல் நின்றார். பிறகு என்னிடம் வந்து, "மேடம், இந்த அம்மாவுக்கு மூச்சு முப்பத்துநான்கு. நெஞ்சில் சளிச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் வந்து பாருங்கள்" என்றார்.

நெஞ்சு சுத்தமாக இருந்தும் மூச்சு இவ்வளவு வேகமாகவும் ஆழமாகவும் போனால், உடம்பில் அமிலம் ஏறியிருக்கிறது என்று பொருள். பல ஆண்டுகளாகச் சர்க்கரை, பிரஷருக்கு அடெனோலால் மாத்திரை. நாடி 88-லேயே நின்றதற்குக் காரணம் அந்த மாத்திரைதான். அது இதயத்தை வேகமாக அடிக்க விடாது. விரல் நகத்தை அழுத்தி விட்டபோது, இரண்டு வினாடிக்குள் திரும்ப வேண்டிய செந்நிறம் ஐந்து வினாடிக்குப் பிறகுதான் திரும்பியது. புடவைக் கரையைத் தூக்கிப் பார்த்தோம். இடது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவில் தோல் கறுத்து, நீர் கோத்து, வீக்கம் கெண்டைக்கால் வரை ஏறியிருந்தது. அந்த அம்மாவுக்கு அங்கே வலியே இல்லை. சர்க்கரை நோய் பாதத்தின் உணர்வை எப்போதோ கொண்டுபோயிருந்தது. மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நேற்று ராத்திரியிலிருந்து அத்தை அவர்களாகவே இல்லை, டாக்டரம்மா. என்னை நாத்தனார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்."

உயிருக்கு ஆபத்தானவர்களுக்கான சிவப்புப் பகுதிக்கு மாற்றி, இரண்டு கைகளிலும் ஊசி போட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்து, ஆன்டிபயாடிக் ஏற்றத் தொடங்கினோம். ஒரு மணி நேரம் கழித்து ரத்த அழுத்தம் 80-க்கு இறங்கியது. அதற்குள் திரவம் ஓடிக்கொண்டிருந்தது, அறுவை மருத்துவரும் வந்திருந்தார். இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மா பச்சை அட்டையோடு நாற்காலியிலேயே அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

எண்ணுவதிலும் முறை இருக்கிறது. மூச்சை எண்ணப் போகிறேன் என்று சொன்னால் யாருடைய மூச்சும் மாறிவிடும். அதனால்தான் நாடியைப் பிடித்தபடி எண்ணுவது. பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் குறுக்குவழியில் ஒரு மூச்சு தவறினால் கணக்கில் நான்கு தவறும். முழு நிமிடம் நில்லுங்கள். போர்வையை விலக்குங்கள். புடவைத் தலைப்பையும் துண்டையும் ஒதுக்கினால்தான் தொண்டைக்குழி உள்ளே இழுபடுவதும், விலா எலும்புகளுக்கு இடையே பள்ளம் விழுவதும், மூக்கின் ஓரங்கள் விரிவதும் தெரியும். பெண் நோயாளிகளுக்கு இதை மரியாதையோடு, திரை போட்டுச் செய்ய வேண்டும். திரை இல்லை என்ற காரணத்தால் நெஞ்சைப் பார்க்காமலேயே அனுப்பப்பட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிமிடத்தில் எண் மட்டும் கிடைப்பதில்லை. வியர்வை, வாயில் வரும் வாடை, உதட்டின் வறட்சி, கண்கள் நம்மைப் பின்தொடர்கின்றனவா என்பது எல்லாம் சேர்ந்தே கிடைக்கும். ஒரு நிமிடம் ஒருவரை உற்றுப் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை.

மூச்சு எண்ணிக்கை எல்லாவற்றையும் பிடித்துவிடாது. குறையும் மூச்சும் ஆபத்துதான். ஆஸ்துமா நோயாளிக்கு வேகமாக இருந்த மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து, விசில் சத்தமும் அடங்கினால், தேறிவிட்டார் என்று நிம்மதி அடையக் கூடாது. தசைகள் களைத்துவிட்டன, உள்ளே போகும் காற்றே குறைந்துவிட்டது என்று பொருள். கட்டுவிரியன் கடியும் அப்படித்தான். தரையில் பாய் விரித்துப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று வருவார். கடித்த தடம் தெரியாது, வீக்கம் இருக்காது, பாம்பைப் பார்த்ததாகவும் சொல்லமாட்டார். இமைகள் பாதி மூடியிருப்பதைத் தூக்கக் கலக்கம் என்று எண்ணிவிடுவார்கள். அவரை ஆழமாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்ல வேண்டும். முதலில் இருபத்தைந்து வரை போனவர் அடுத்த முறை பதினைந்தில் நின்றால், மூச்சுத் தசைகள் செயலிழந்து வருகின்றன. செயற்கை சுவாசத்துக்கு அப்போதே தயாராக வேண்டும், நீலம் பாயும்வரை காத்திருக்கக் கூடாது.

டெங்குவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும் இதே துயரம் திரும்ப நிகழ்கிறது. மூன்று, நான்கு நாள் காய்ச்சல் அடித்து, பிறகு காய்ச்சல் விட்டுவிடும். வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைவார்கள். சிலர் மருத்துவமனையிலிருந்து பெயர் வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் தொடங்குவதே அப்போதுதான். ரத்தக் குழாய்களின் சுவர் வழியாக நீர்ப்பகுதி வயிற்றிலும் நெஞ்சிலும் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் உயிருக்குப் போராட்டம். இதில் கொடுமை என்னவென்றால், உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலைக்குள் போய்க்கொண்டிருக்கும் குழந்தை எழுந்து உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்லும். மேல் ரத்த அழுத்தம் 100 என்று இருக்கும், யாரும் பதறமாட்டார்கள். கீழ் அளவைப் பார்த்தால் 85 இருக்கும். வழக்கமாக 40 இருக்கும் இடைவெளி 20 அல்லது அதற்கும் கீழே சுருங்கிவிட்டால் அது டெங்கு அதிர்ச்சி, மேல் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. கையைத் தொட்டால் விரல் நுனி குளிர்ந்திருக்கும். ஓயாத வாந்தி, வயிற்றுவலி, ஈறில் கசிவு, காரணமில்லாத சோர்வு அல்லது நிலைகொள்ளாமை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது ஆகியவற்றைத்தான் தாய் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஊரே தட்டணுக்களின் எண்ணிக்கையைத்தான் கேட்கிறது. நேற்று எண்பதாயிரம், இன்று ஐம்பதாயிரம் என்று கைப்பேசியில் அனுப்பிக்கொள்கிறார்கள், பப்பாளி இலைச் சாறுக்கு அலைகிறார்கள். டெங்குவில் பெரும்பாலான உயிர்களைப் பறிப்பது இந்த நீர்க்கசிவால் வரும் அதிர்ச்சி. தட்டணு குறைந்துகொண்டே போகையில் ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் ஏறுகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அது ஏறினால் கசிவு நடக்கிறது. இதைப் படிக்கும் ஒவ்வொரு பெற்றோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன், காய்ச்சல் விட்ட நாளில் பிள்ளையை இன்னும் கூர்ந்து பாருங்கள்.

வந்த அன்று நன்றாக இருந்து, பிறகு சரிகிறவர்களில் இன்னொரு வகையினரும் உண்டு. எலி மருந்தை விழுங்கியவர் முதல் நாள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டுச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். சில வகை மருந்துகளில் கல்லீரல் கெடுவது அதற்குப் பிந்திய நாட்களில்தான் தெரியும். அன்றைக்கு எந்த எண்ணும் எதையும் காட்டாது. அங்கே ஆபத்தை அறிவிப்பது விழுங்கிய பொருள்தான். நன்றாகத்தானே இருக்கிறார் என்று வீட்டுக்கு அழைத்துப்போகாதீர்கள். காலி டப்பாவைக் கையோடு கொண்டுவாருங்கள். திட்டவும் வேண்டாம், காரணம் கேட்டு நச்சரிக்கவும் வேண்டாம். அவர் அருகில் ஒருவர் இருந்தால் போதும்.

நம் தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் படித்த பாடப்புத்தகங்களில் நோயாளி வெளிறியிருப்பார், நீலம் பாய்ந்திருப்பார், முழங்காலில் ஊதாத் திட்டுகள் தெரியும் என்றெல்லாம் எழுதியிருக்கும். அவை வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய வரிகள். நம்மவர்களின் மாநிறத்திலும் கறுப்பிலும் அவை மறைந்துவிடும். வெளிறலைக் கீழ் இமையின் உட்புறத்திலும் உள்ளங்கையிலும் பார்க்க வேண்டும், நீலத்தை நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும். அதைவிட நம்பகமானது தொட்டுப் பார்ப்பது. புறங்கையை வைத்து நோயாளியின் விரலிலிருந்து முழங்கை வரை நகர்த்திக்கொண்டே போனால், குளிர்ச்சி எங்கே முடிந்து வெதுவெதுப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியும். அந்த எல்லை மேலே ஏற ஏற நிலைமை மோசம்.

ஆக்ஸிஜன் அளவுக்கு பல்ஸ் ஆக்சிமீட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். 1970-களில் ஜப்பானின் டாகுவோ அயோயாகி கண்டறிந்த முறையில் இயங்கும் அந்தச் சிறு கருவி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. 2021-ன் கொரோனா இரண்டாம் அலையில், மூச்சுத் திணறலே உணராமல் 80-க்கும் கீழே போயிருந்தவர்களை அதுதான் காட்டிக்கொடுத்தது. ஆனால் 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்தது கறுப்பினத்தவரிடம் வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. கறுத்த தோல் கருவியின் ஒளிக்கணக்கைப் பிசகவைக்கிறது. இது நமக்குப் பொருந்தாது என்று இருந்துவிட எனக்குத் துணிவில்லை. விரல் குளிர்ந்து ரத்த ஓட்டம் குறைந்தாலும், நகத்தில் அடர்ந்த சாயம் இருந்தாலும் கருவி தடுமாறும். எனவே கருவி 95 காட்டி, நோயாளி நிமிடத்துக்கு 30 முறை மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் நான் நோயாளியைத்தான் நம்புவேன்.

மருமகள் சொன்ன அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். அவர் அவராகவே இல்லை என்பது நம் ஊர்க் குடும்பங்கள் அடிக்கடி சொல்லும் சொல். இதை ஒரு மருத்துவக் குறியாக எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முன்பு சொன்ன மதிப்பெண் முறையின் 2017 திருத்தத்தில், புதிதாக ஏற்பட்ட குழப்பத்துக்கும் 3 மதிப்பெண் சேர்த்தார்கள். எது புதிது என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தாத்தா நேற்று வரை தனியாகக் கடைக்குப் போய்வந்தார் என்பதை வீட்டார்தான் சொல்ல முடியும். இங்கிலாந்தில் 2021-ல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி, பெற்றோர் திரும்பத் திரும்பக் கவலை தெரிவித்தும் உரிய கவனம் கிடைக்காமல், கிருமித்தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸால் இறந்தாள். அவளுடைய பெற்றோர் போராடியதன் பயனாக, நோயாளியோ குடும்பத்தினரோ நிலைமை மோசமாகிறது என்று கருதினால் வேறொரு மருத்துவக் குழுவின் பார்வையை நேரடியாகக் கேட்கலாம் என்ற ஏற்பாடு மார்த்தாவின் விதி என்ற பெயரில் 2024 முதல் அங்கே நடைமுறைக்கு வரத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதே நோக்கமுள்ள விதி பத்தாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. நம் வாசலில் காவலாளி உறவினர்களை வெளியே போ என்று விரட்டுகிறார். கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், புரிகிறது. ஒரு நோயாளிக்கு ஒருவர் அருகில் நிற்கட்டும். அந்த ஒருவரிடம், நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கேள்வி கேட்கட்டும்.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அரசு மருத்துவமனைகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பகுதி பிரித்து நோயாளிகளை வகைப்படுத்தும் முறை வந்திருக்கிறது. முன்பு இருந்த நிலையைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்று தெரியும். எனக்கு இருக்கும் கவலை, வாசலில் கொடுத்த நிறம் அப்படியே தங்கிவிடுவதுதான். நோய் அதே இடத்தில் நிற்பதில்லை. மஞ்சள் பகுதியில் படுத்திருப்பவர் ஸ்கேனுக்கு அனுப்பப்படுகிறார். ஸ்கேன் அறை வேறு கட்டடத்தில். தாழ்வாரத்தில் வரிசை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்த பணியாளர் அடுத்த அழைப்புக்குப் போய்விடுவார். அங்கே மானிட்டர் இல்லை, செவிலியர் இல்லை, குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகன் மட்டும் நிற்கிறான். ஒரு மருத்துவமனையில் மிக ஆபத்தான இடம் எது என்று என்னைக் கேட்டால் அந்தத் தாழ்வாரத்தைத்தான் காட்டுவேன். போகும் முன் ஒரு முறையும் வந்த பின் ஒரு முறையும் மூச்சை எண்ணி, இரண்டையும் நேரத்தோடு எழுதினால் போதும், 22 என்று போனவர் 30 ஆகத் திரும்பியிருப்பது யார் கண்ணுக்கும் தப்பாது.

மூச்சை எழுதினாலும் அதைச் சொல்லும் விதமும் இருக்கிறது. தாலுகா மருத்துவமனையிலிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது, நோயாளி சீரியஸ் என்று மட்டும் தொலைபேசியில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. மூச்சு 32, ஒரு மணி நேரத்துக்கு முன் 24, ஆக்ஸிஜன் கொடுத்தும் ரத்தத்தில் அதன் அளவு (சாச்சுரேஷன்) 91, பெயரைச் சொன்னால்தான் கண் திறக்கிறார் என்று சொன்னால் அங்கே படுக்கை தயாராகும், மயக்க மருத்துவர் கீழே வந்து நிற்பார்.

வீட்டிலிருந்து நோயாளியை அழைத்து வருகிறவர்களும் இதில் பாதி வேலையைச் செய்துவிடலாம். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்து வாருங்கள், நாடியை அடக்கிவைக்கும் மாத்திரை அதில் இருக்கலாம். கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது என்று நினைவில் வைத்திருங்கள். கால் விரல் இடுக்குகளையும் முதுகின் அடிப்பகுதியையும் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். ஆட்டோவில் வரும் வழியில் அவருடைய நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். மேசையில் இருப்பவரிடம் முதலில் அந்த எண்ணைச் சொல்லுங்கள். கேஸ் ஷீட்டில் 20 என்று எழுதினால், நான் எண்ணியபோது 30 இருந்தது, தயவுசெய்து இன்னொரு முறை எண்ணுங்கள் என்று கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.